பூஜையில் வைத்த துப்பாக்கி

“வைக்க மாட்டேன் மேடம். என்ன திட்டினாலும் சரி, இந்த வருஷம் துப்பாக்கியைப் பூஜையில வைக்க மாட்டேன்.”

தன் காவலுக்கு இருக்கும் கன்மேன் கவியரசன் இப்படி எதிர்த்துப் பேசி வனஜா கேட்டதே இல்லை.

பெங்களூரை அடுத்த சந்தாபுரா ஷெட்டில் லாரிகளெல்லாம் கழுவித் துடைத்து, பம்பரில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், ஜாக்கி, டயர் கழற்றும் கம்பி எல்லாம் குங்குமப் பொட்டோடு படுத்திருந்தன. நடுவில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அது துப்பாக்கிக்கான இடம்.

போன வருஷம் அவன் அதை அங்கேதான் வைத்தான். ஆயுத பூஜைக்கு வைத்த எதையும் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. ஸ்பேனருக்கு லீவு என்றால் கன்மேனின் துப்பாக்கிக்கும் லீவுதான். தீபாராதனை நேரத்தில், எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, பொரி வாங்க வந்த கூட்டத்திலிருந்து ஒருவன் நிதானமாக முன்னால் வந்து வனஜாவின் கணவர் சாமிநாதனைச் சுட்டான். அதைப் பார்த்த ஒரே ஆளான கவியரசனின் கை இடுப்புக்குப் போனது. அங்கே வெறும் பெல்ட்தான் இருந்தது.

அன்றிலிருந்து அந்தக் கைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. தூக்கத்திலும் இடுப்பைத் தடவுகிறது என்று அவன் மனைவி பாகீரதி அழுதாள். முதலாளியைப் பக்கத்தில் நின்று பறிகொடுத்தவனை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்? வனஜாதான் எடுத்தாள். ஒரு கடுஞ்சொல் சொல்லாமல் தன் காவலுக்கே அவனை வைத்துக்கொண்டாள். அந்தக் கருணையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. நாலு அறை அறைந்திருந்தாலாவது கொஞ்சம் தூங்கியிருப்பான்.

“நேத்தும் அந்த மிரட்டல் போன் வந்துச்சு கவி,” என்றாள் வனஜா, குரலைத் தாழ்த்தி. “இந்த ஆயுத பூஜைக்கு உன் முறைன்னு சொன்னான்.”

“அதனாலதான் மேடம் சொல்றேன். பூஜையே வேணாம். ஓசூர்ல உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடலாம்.”

“எத்தனை நாளு ஓடறது? போன வருஷம் பூஜை பாதியில நின்னுச்சு. அந்தக் குறைதான் நம்மளத் தொரத்துது. கோவிந்தப்பா, நீங்களே சொல்லுங்க.”

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த மூத்த டிரைவர் கோவிந்தப்பா நிமிர்ந்தார். “ஹௌது மேடம். பாதியில வுட்ட பூஜை ஒள்ளேதல்லா, நல்லதில்ல. பசங்க எல்லாம் வண்டி எடுக்கவே பயப்படுறாங்க.”

“கேட்டைப் பூட்டி சாவிய நானே வெச்சிருக்கேன்,” என்றாள் வனஜா. “வெளி ஆளு எவனும் உள்ள வர முடியாது. எனக்காக ஒரு தடவ வைங்க கவி.” அவள் கண் கலங்கியிருந்தது. “அவன் மூஞ்சி உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல?”

“சாகற வரைக்கும் மறக்காது மேடம். இடது புருவம் ரெண்டா பொளந்திருக்கும். போலீஸ்ல மாசாமாசம் கூப்பிட்டு போட்டோ காட்டுறாங்க, எதுலயும் அவன் இல்ல. நான் ஒருத்தன்தான் பார்த்தவன். என்னிக்கு இருந்தாலும் காட்டிக் குடுத்துடுவேன்.”

“அப்புறம் என்ன? வந்தா தூரத்துலயே தெரிஞ்சுடும்.”

கவியரசன் துப்பாக்கியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி முன்னால் வைத்தான். வந்தால் வரட்டும், துப்பாக்கி இல்லாவிட்டால் என்ன, நெஞ்சு இருக்கிறதே என்று நினைத்தான். அந்த நினைப்பு ஒன்றுதான் அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

தீபாராதனையில் அவன் மட்டும் கண்ணை மூடவில்லை. மெக்கானிக், கிளீனர், டிரைவர் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாம் தெரிந்த முகங்கள். ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்கு அழுகை வந்தது.

“எல்லாரும் முன்னாடி போய்ப் பொரி வாங்கிக்கங்க,” என்றாள் வனஜா. “பின்னாடி நிக்கிறது அவரோட முதல் லாரி. அதுக்கு நானும் கவியும் சுத்திப் போட்டுட்டு வர்றோம்.”

முன்பக்கம் தமட்டை மேளம் அதிர்ந்தது. பின்பக்கம் அந்தப் பழைய லாரி தனியாக நின்றது. அதன் மறைவிலிருந்து ஒருவன் பெரிய பூசணிக்காயை முகத்துக்கு நேரே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். காயின் தலையை வெட்டிக் குடைந்து, உள்ளே குங்குமம் கொட்டியிருந்தது.

“யாரு மேடம் இது?”

“பூசணிக்கா உடைக்க வரச் சொன்ன ஆளு.”

வந்தவன் காயை லாரிக்கு முன்னால் மூன்று முறை சுற்றினான். உடைக்கவில்லை. இடுப்பில் அணைத்துக்கொண்டு, குடைந்த ஓட்டைக்குள் கையை விட்டான். குங்குமம் வழியும் கை பிஸ்டலோடு வெளியே வந்தது. காய் தாழ்ந்ததால் அதுவரை மறைந்திருந்த முகமும் தெரிந்தது. இடது புருவம் இரண்டாகப் பிளந்திருந்தது.

கவியரசன் யோசிக்கவே இல்லை. இரண்டு கைகளையும் விரித்து, வனஜாவைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“ஓடுங்க மேடம்! நான் நிக்கிறேன், நீங்க ஓடுங்க!”

இந்த முறை தவறவில்லை என்ற நிம்மதி அவன் நெஞ்சை நிறைத்தது.

வனஜா ஓடவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு நிதானமாக நடந்துபோய், புருவம் பிளந்தவனின் பக்கத்தில் நின்று, அவன் கையிலிருந்த குங்குமத்தைத் தன் முந்தானையால் பதமாகத் துடைத்துவிட்டாள்.

“வழுக்கிடப் போகுது,” என்றாள். “போன வருஷம் மாதிரி இவன மிச்சம் வெச்சுடாத.”