சக்கரம் இறங்காத விமானம்

ஆபீஸிலிருந்து சேலையூர் வீட்டுக்குத் திரும்பியதுமே ஜீவிதா சாதம் ஊட்ட உட்கார்ந்தாள். மேலே, தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது.

"பைலட் கதை சொல்லு. அப்பதான் சாப்பிடுவேன்."

"தினமும் அதேதானா? தலை வலிக்குது. வாயைத் தொற."

"சொல்லு."

அலுப்போடு ஆரம்பித்தாள். "ஒருநாள் எங்கப்பா ஓட்டின பிளேன்ல சக்கரம் இறங்கல. பெட்ரோல் தீர்ற வரைக்கும் வானத்துலயே சுத்தினார். அப்புறம் ரன்வேல தேய்ச்சுக்கிட்டே எறக்கிட்டார். போதுமா?"

"பயமா இல்லையாமா?"

இந்தக் கேள்வி இதுவரை வந்ததில்லை.

"துளிக்கூட பயமில்லன்னுதான் எங்க எல்லார்கிட்டயும் சொல்வார். பேசாம முழுங்கு, என் உசுரை வாங்காத."

"பொய் சொல்லியிருக்கார். கையெல்லாம் நடுங்கிச்சு. வீட்ல சின்னப் பொண்ணு இருக்காளேன்னு ஜெபம் பண்ணிக்கிட்டேதான் எறக்கினேன்."

ஜீவிதாவின் கை அப்படியே நின்றது. விமானம் ஓட்டியதையும், பெற்ற மகளையும் சேர்த்தே மறந்துபோயிருந்த எழுபத்தைந்து வயது அப்பா, அவள் முகத்தை யாரோபோலப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?"