முதல் கையெழுத்து

அறுபது வருஷம் நடந்த கேலரியை மூடிவிட்டு, அதன் பழைய பதிவேடுகளை மில்வாக்கி நூலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். என் கணவர் ஆர்னியின் ஓவியங்கள் அங்கே பதினோரு முறை கண்காட்சிக்கு வைக்கப்பட்டன. அவர் இறந்த பிறகு, அந்தப் பதிவேடுகளைப் பார்க்கப் போனேன்.

பெயரைச் சொன்னதும் பொறுப்பாளர் டெனிஸ் சிரித்தாள். "நீங்கதானா அந்த எடித் ஹால்வர்சன்? பதினோரு திறப்பு விழாவுலயும் பார்வையாளர் நோட்டுல முதல் கையெழுத்து உங்களோடதுதான் மேடம். இப்படி ஒரு பொண்டாட்டி அமையக் குடுத்து வச்சிருக்கணும்."

நான் ஒரு தடவைகூட அந்த வாசலை மிதித்ததில்லை. கேலரி நடத்திய கோரின், போனில் ஆர்னியோடு சிரித்துச் சிரித்துப் பேசுவாள்.

"இன்னைக்காவது வாயேன், எடித்" என்று ஒவ்வொரு முறையும் கூப்பிடுவார்.

"அதான் அவ இருக்காளே, போங்க."

இப்போது புரிந்தது. என் இடத்தில், என் பெயரிலேயே அவள் நின்றிருக்கிறாள்.

"அந்தக் கையெழுத்தைக் காட்டும்மா."

"உங்க கையெழுத்துதானே மேடம்?"

"காட்டு."

டெனிஸ் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மற்ற பெயர்களெல்லாம், கோரினுடையதும்கூட, சுத்தமாக இருந்தன. என் பெயர் மட்டும் பதினோரு பக்கத்திலும் மை காய்வதற்குள் கை பட்டு வலப்பக்கமாக இழுபட்டிருந்தது.

ஆர்னிக்கு இடதுகைப் பழக்கம். எழுதிய மையின் மேலேயே கை நகர்ந்து போகும்.

ஒவ்வொரு திறப்பு விழா முடிந்து வரும்போதும் அவருடைய இடது சட்டைக்கையில் மை இருக்கும். "அவளுக்கு லெட்டர் எழுதினீங்களாக்கும்" என்று திட்டிக்கொண்டே நான்தான் துவைப்பேன்.