துரை பந்து விளையாடினான்

"வீடியோ வேண்டாம்க்கா. எழுதி அனுப்புங்க. எப்படி விளையாடினான்னு மட்டும். தினமும்."

பூனை விடுதி நடத்துகிற அக்காவுக்கு விடிந்ததும் விடியாததுமாய் எரிச்சல் வந்துவிட்டது. வெளியூர் போகிறவர்கள் தங்கள் பூனையை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. வருகிறவர்கள் எல்லாரும் 'வீடியோ அனுப்புங்க' என்பார்கள். இவள் ஒருத்திதான் கடுதாசி கேட்கிறாள்.

"வீடியோன்னா ஒரு நிமிஷ வேலைம்மா. உட்கார்ந்து எழுத எனக்கு எங்கே நேரம்?"

"வீட்டுக்காரர் கேட்பாருக்கா. கொஞ்சம் தயவு பண்ணுங்க. அவருக்கு இது ரொம்ப முக்கியம்."

கூடையிலிருந்து சாம்பல் நிறக் கடுவன் ஒன்று தலையை நீட்டியது. பேர் துரையாம். கூடவே துணி காயப்போடுகிற மரக் கிளிப் ஒன்று.

"இதுதான் அவனுக்கு உயிர். யார் செருப்புக்குள்ளயாவது ஒளிச்சு வெச்சுட்டு நம்ம முகத்தையே பார்ப்பான். 'ஐயோ காணோமே'ன்னு நாம தேடணும். தேடலைன்னா கோவிச்சுக்குவான்."

அவள் போனதும் அக்கா தன் தங்கையிடம் பொரிந்து தள்ளினாள்.

"பார்த்தியா? வீடியோ பார்க்கக்கூட நேரமில்லாத பெரிய மனுஷராம். எங்கேயோ காத்து வாங்கப் போறாங்க, இங்கே நான் செருப்புக்குள்ள கிளிப் தேடணும்!"

"விடுக்கா. ஊருல ஆயிரம் பேர், ஆயிரம் கிறுக்கு."

பதினோரு பூனை, பதினோரு குணம். வக்கீல் வீட்டு வெள்ளைக்குச் சாவி கொடுத்தால் ஓடுகிற எலி வந்திருந்தது. அது எலியைத் திரும்பியும் பார்க்காமல், எலி வந்த அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒன்றுக்கு இறகுக் குச்சி, அதுவும் சாப்பிட்ட பிறகுதான். ஒன்றுக்குக் குழாயில் சொட்டுகிற தண்ணீர் போதும். இரட்டைக் குட்டிகளுக்குப் பந்து கிடைத்துவிட்டால் வீடு ரெண்டாகும்.

முதல் மூன்று நாள் அக்கா ஒழுங்காகத்தான் எழுதினாள். 'இன்று கிளிப்பை என் வலது செருப்பில் ஒளித்தான். நான் தேடத் தேட, வாலைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி ஊர்வலம் வந்தான்.'

உடனே பதில் வரும். 'எத்தனை தடவை ஒளிச்சான்? நீங்க எடுத்ததும் என்ன பண்ணினான்?'

"பரீட்சை வைக்கிறாடி எனக்கு!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

நாலாம் நாள் தங்கை காய்ச்சலில் படுத்துவிட்டாள். பூனைகள் வெளிக்குப் போகிற பதினோரு மண் தட்டையும் அள்ளி, கழுவி, கூண்டு துடைத்து, தீனி வைத்து முடிப்பதற்குள் அக்காவின் முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. துரை செருப்பண்டை உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தான்.

"போடா, உனக்கு வேற வேலையில்லை."

நாற்காலியில் சாய்ந்து போனை எடுத்தாள். இரட்டைக் குட்டிகளின் வீட்டுக்கு வீடியோவுக்குப் பதில் எழுதி அனுப்பியதையே எல்லாருக்கும் அனுப்பினாள். 'உங்கள் செல்லம் இன்று பந்து விளையாடியது. நன்றாகச் சாப்பிட்டது.' போனில் ஒரே தட்டு, எல்லா வீடும் முடிந்தது. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலையில் போன்.

"அக்கா, துரை பந்தா விளையாடினான்?"

எப்படி மாற்றிச் சொல்வது? "ஆமாம்மா. பந்துதான்."

"நிஜமாவா? நல்லா இருக்கான்ல?"

"இருக்கான், இருக்கான். அடுப்புல வேலையா இருக்கேன், வெச்சிரட்டுமா?"

அன்று சாயங்காலமும் பந்து. அதற்கு மறுநாளும் பந்து. சொன்ன பொய்யை மாற்றுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டுமே!

அதற்கடுத்த நாள் மத்தியானம் துரையின் சொந்தக்காரியே வாசலில் வந்து நின்றாள். தலை வாரவில்லை. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

"உண்மையைச் சொல்லிடுங்கக்கா. துரை செத்துட்டானா?"

"ஐயையோ, என்ன பேச்சும்மா இது!"

அக்கா உள்ளே ஓடிப்போய்த் துரையைத் தூக்கிவந்தாள். அவள் அவனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அக்காவுக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. குற்றமுள்ள நெஞ்சுக்குக் கோபம்தானே முதலில் வரும்.

"ஒரு பூனைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? கல்லு மாதிரி இருக்கான். அன்னிக்கே வீடியோ அனுப்பறேன்னேன், நீதான் வேண்டாம்னே. அனுப்பியிருந்தா உன் வீட்டுக்காரர் தன் கண்ணாலயே பார்த்திருப்பாரே!"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் வெல்டருக்கா. பட்டறையில சிலிண்டர் வெடிச்சு, ரெண்டு கண்ணுலயும் கட்டு. ஆஸ்பத்திரியில அவர் பக்கத்துலதான் இருக்கேன். நீங்க எழுதினதை நான் படிக்கப் படிக்க, 'அப்படியே தெரியுதுடி'ன்னு சிரிப்பார். மூணு நாளும் சிரிச்சார்."

அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"துரை பொறந்ததுலேர்ந்து பந்தைத் தொட்டதில்லைக்கா. அதைப் படிச்சதும், 'இது வேற பூனை, அவன் போயிட்டான், எல்லாரும் சேர்ந்து மறைக்கிறீங்க'ன்னு சொல்லிட்டார். நான் என்ன சொன்னாலும் நம்பலை."

"ஐயோ... நான் இப்பவே வந்து சொல்றேம்மா. நான்தான் பொய் எழுதினேன்னு சொல்றேன்."

"வாங்கக்கா, கையெடுத்துக் கும்பிடறேன். நாளைக்குக் காலையில ஆபரேஷன். 'அவனே இல்லைன்னா எனக்குக் கண்ணு எதுக்கு?'ன்னு ஒத்துக்க மாட்டேங்கிறார்."