உள்ளே விடும் துணி

கல்யாண ரவிக்கையை ஒரு சுருக்கமும் விழாமல் தைத்துத் தருவதாக மாப்பிள்ளையின் அம்மாவிடம் ரெஜினா ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் அது மணப்பெண் மஞ்சரியின் தோளிலிருந்து வழிந்தது. பிடித்துத் தைத்தால் மறுபடி வழிந்தது. தன் கைதான் பிசகுகிறது என்று ரெஜினா நினைத்திருந்தாள். விடிந்தால் கல்யாணம். அளவு நாடாவை மஞ்சரியின் இடுப்பில் சுற்றி இறுக்கிப் பிடித்தாள். பிடி தளராமலே நாடா தொளதொளத்தது. கண்ணெதிரே பெண் சிறுத்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிடுறியா, இல்லையாம்மா?”

“சாப்பிடுறேன்க்கா. அந்தம்மா குரலக் கேட்டாலே இப்படி ஆகுது.”

கதவுக்கு வெளியே மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள். “டெய்லரம்மா, உள்ள துணி எதுவும் விட்டு வைக்காதீங்க. வெட்டிருங்க.”

ரெஜினா கத்தரியைக் கீழே வைத்தாள். பெண் நாளைக்குப் பூரிப்பாள், பிள்ளை உண்டாவாள், பிரித்துவிட்டுக்கொள்ளட்டும் என்று எந்தக் கல்யாண ரவிக்கையிலும் அவள் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி விடுவாள்.

“பின்னால பெரிசாக்க வேணாமாம்மா?”

“எங்க வீட்டுக்கு வந்த யாருக்கும் அது தேவைப்பட்டதில்ல.”

மஞ்சரி ரெஜினாவின் முந்தானையைப் பற்றிக்கொண்டாள். குழந்தையின் விரல்கள் போலிருந்தன. ரெஜினா கத்தரியை எடுத்து ரவிக்கையைக் குறுக்கே வெட்டினாள்.

“இது என்னால ஆகாதும்மா. யாராலயும் ஆகாது. கல்யாணத்த நிறுத்துங்க.”

“அதனாலென்ன, மூத்த மருமகளோடது கையில இருக்கு. இவளுக்குப் பொருந்தும்.”

கதவின் அடியிடுக்கு வழியாக மடித்த பட்டு ரவிக்கை ஒன்று உள்ளே வந்தது. ரெஜினா அதை உள்ளங்கையில் வைத்து விரித்தாள். அவள் விரல்வரைகூட அது எட்டவில்லை.