நற்சான்று

"நான் கை காட்டுமட்டும் ஒருத்தரும் தலையைத் தூக்க வேண்டாம்," என்றார் அருள்தாஸ்.

1996 கோடை, கனடா. தொழிற்சாலை ஆட்கள் ஸ்காபரோவுக்கு வடக்கே ஒரு காட்டில் பெயின்ற்போல் விளையாட வந்திருந்தார்கள். விளையாட்டுத் துப்பாக்கியால் சுடும் சாயக் குண்டு பட்டவர் வெளியேற வேண்டும். அருள்தாஸ் தன் அணியின் ஐந்து தமிழர்களையும் புல்லுக்குள் ஊர வைத்து, ஒருவர் சட்டையிலும் சாயம் படாமல் எதிரணியின் கொடியை எடுத்துக் கொடுத்தார்.

சூப்பர்வைசர் பிரையன் அவர் தோளில் தட்டினான். "உனக்கு என்ன வேணும், கேள்."

அருள்தாஸ் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேட்டார், தான் எப்படிப்பட்ட ஆள் என்று.

மறுநாளே பிரையன் மனம் நிறைந்து இரண்டு பக்கம் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தான். ஒட்டிய கடிதத்தைப் பிரிப்பது மரியாதை இல்லையென்று, அருள்தாஸ் சட்டத்தரணிக்குக்கூடக் காட்டாமல் அதைத் தன் அகதி விசாரணையில் நீட்டினார்.

அதிகாரி வாசித்துக் கேள்வி கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "'இவர் பிறவித் தளபதி. பல சண்டை கண்டவர் போல ஆக்களை நடத்தினார்.' நீங்கள் ஒரு ஆயுத இயக்கத்திலயும் இருக்கேல்லை எண்டெல்லோ சொன்னனீங்கள். உதெல்லாம் எங்க பழகினது?"

"ஊரில ஷெல்லடிக்குள்ள சனத்தைக் கூட்டிக்கொண்டு ஓடிப் பழகினது, ஐயா. எனக்குத் துவக்குச் சுடத் தெரியாது. அண்டைக்கு அந்த விளையாட்டிலயும் ஒரு குண்டுகூடச் சுடேல்லை."

"அதைக் கண்ட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

அருள்தாஸ் யோசித்துப் பார்த்தார். ஐந்து முகங்களும் புல்லுக்குள் புதைந்து கிடந்தன.

"ஒருத்தரும் இல்லை," என்றார். "தலையைத் தூக்க வேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான்."