கரண்டு மேண்டலின்

"சீக்கிரம் முடிங்க. மாமா அஸர் தொழுதுட்டு வந்துடுவாரு" என்றாள் ஷஹர்பானு, வாசலைப் பார்த்துக்கொண்டே.

அவள் கணவன் ஜைத் தரையில் உட்கார்ந்து எலெக்ட்ரிக் மேண்டலின் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தான். தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் வந்தது. தந்தி கட்டியாகிவிட்டது. இன்னும் இரண்டு ஒயர்களைப் பற்றவைக்க வேண்டும்.

"மேண்டலின் பேச்சே வூட்ல எடுக்கக் கூடாதுன்னாரு. இதப் பாத்தா இன்னா சொல்வாரு?"

"அத்தாவா? தூக்கிக் கடல்ல போடுவாரு. நீ வாசலப் பாரு."

பற்றவைத்து முடித்தபோது ஜைதின் அப்பா சுலைமான் கொல்லைப்பக்கமாக வந்து நின்றார். இருவரும் சட்டென்று எழுந்தார்கள்.

அவர் திட்டவில்லை. உட்கார்ந்து மேண்டலினை மடியில் வைத்துக்கொண்டார். சதுரங்கப்பட்டினம் முதல் நெம்மேலி வரை கல்யாண வீடுகளில் முப்பது வருடம் வாசித்த விரல்கள் தாமாக இடம் பிடித்தன. மீட்டினார். முகம் வாடிவிட்டது.

"இதுவும் கேக்கல. காது போச்சுன்னுதானடா பழச வித்தேன்? மறுபடி எதுக்கு வாங்கியாந்து என்னைப் பேஜார் பண்ற?"

ஒயர் செருகாமல் அது யாருக்குமே சரியாகக் கேட்காது. அதைச் சொன்னாலும் அவருக்குக் கேட்காது. ஜைத் ஒயரைச் சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் செருகி, ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, சத்தத்தை முழுக்க வைத்தான். மீட்டச் சொல்லி விரலால் காட்டினான்.

சுலைமான் மீட்டினார். கை அப்படியே நின்றது. இன்னொரு முறை மீட்டினார். பிறகு மகனை முறைத்தார்.

"மூணாவது தந்தி சுருதி எறங்கிக் கீது. உனக்கு இன்னா, காது கேக்காதா?"