காட்கோபர் முகம்

"எங்கே இறங்குவார்னு அவரையே கேட்டுடலாமே, அப்பா."

"கேக்கறதாவது! மூஞ்சியிலேயே எழுதியிருக்கு, காட்கோபர்," என்றார் சங்கரன்.

தாதரில் ஏறிய அப்பாவும் மகளும் முலுண்ட் வரை போக வேண்டும். உட்கார்ந்திருப்பவர் எங்கே இறங்குவார் என்று கேட்டுவைத்து அந்த இடத்தைப் பிடிப்பது மும்பை ரயில் வழக்கம். சங்கரன் மட்டும் கேட்க மாட்டார். கேட்டுத் தெரிந்துகொண்டால் அது அறிவில் சேர்த்தியில்லை என்பது அவர் கட்சி.

அவர் குறிவைத்திருந்த ஜன்னலோர நீலச் சட்டை இளைஞன் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்தான். "பைட்டோ, பைட்டோ" என்று அமர்த்தினார். மராட்டிப் பையனுக்கு என்ன புரியப்போகிறது என்று தமிழில் உரக்கவே தொடர்ந்தார்.

"பாத்தியா சாரு, வளர்ப்பு! தங்கமான பையன். இவனை மாப்பிள்ளையா அடையறவன் கொடுத்து வெச்சவன். நீயும் ஒருத்தனைப் பிடிச்சிருக்கியே!"

"ஷ்ரவணை நீங்க பாத்ததே இல்லையே. போட்டோ காட்டினா கண்ணை மூடிக்கறேள்."

"போட்டோல என்ன தெரியும்? சாயந்தரம் ஆத்துக்கு வரட்டும், நேர்ல பாத்துச் சொல்றேன்."

"உங்க முகஜோசியம் தப்பாப் போனா?"

"பையை மடியிலயே வெச்சிண்டிருக்கான் பாரு. தூரம் போறவன் மேலே வெச்சிருப்பான். இவன் காட்கோபர்ல இறங்கலேன்னா முகம் பாக்கறதையே விட்டுடறேன். அப்புறம் ஷ்ரவணைப் பத்தி ஊர் பூரா விசாரிச்சுட்டுத்தான் கல்யாணப் பேச்சு. வருஷமானாலும் சரி."

"இறங்கிட்டா?"

"முகம் பாத்து நான் சொன்னதுதான் முடிவு. மாத்திப் பேச மாட்டேன்."

சாருலதா நகம் கடித்தாள். குர்லா போயிற்று. இளைஞன் மொபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

காட்கோபர் வந்தது. பாதிக் கூட்டம் இறங்கியது. வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் இளைஞன் துள்ளி எழுந்தான். பையை மார்போடு அணைத்து, ஏறுகிறவர்களை இடித்துக்கொண்டு இறங்கியே போய்விட்டான்.

சிம்மாசனம் ஏறுவதுபோல் ஜன்னலோரம் உட்கார்ந்தார் சங்கரன். "இதுக்குப் பேர்தான்டீ தெரியறதுங்கறது!"

"ஒத்துக்கறேன்ப்பா. முகம் பாத்துச் சொன்னதை மாத்த மாட்டேளே?"

"சத்தியமா மாட்டேன்."

சாருலதா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொபைலை எடுத்தாள்.

"இருங்கோ, ஷ்ரவணுக்கு ஒரு போன் பண்ணிடறேன். அவருக்குத் தமிழ் நன்னாவே புரியும். பாவம், முலுண்டுக்கு டிக்கெட் எடுத்துட்டு உங்க பேச்சைக் கேட்டு காட்கோபர்ல இறங்கிட்டார். அடுத்த வண்டியைப் பிடிச்சு நேரா நம்மாத்துக்கு வரச் சொல்றேன்."